டிஜிட்டல் நூலகர் வேலை: குமரி மாவட்டத்திலிருந்து பார்த்தால்

பழைய ஊர்ச் சங்க மலர் ஒன்று. அட்டையும் முதல் சில பக்கங்களும் போயிருந்தன. உள்ளே ஓரிடத்தில், "99 வெள்ளத்துக்குப் பிறகு எடுத்துக் கட்டிய கட்டடம்" என்று ஒரு வரி. அதை ஸ்கேன் செய்து விவரம் பதிந்த இளைஞர், வெளியான ஆண்டு என்ற கட்டத்தில் "1999க்குப் பின்" என்று தட்டிவிட்டார். தொட்டால் பொடிப்பொடியாக உதிர்கிற காகிதம். 1999க்குப் பிந்திய காகிதமா இது என்று அவருக்குச் சந்தேகம் வரவில்லை. பக்கத்தில் இருந்த வயதான ஊழியர் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, அது கொல்லம் 99 ஆக்கும்" என்றார்.

திருவிதாங்கூரில் 99 வெள்ளம் என்றால் கொல்லம் ஆண்டு 1099இல் வந்த பெருவெள்ளம். நம் கணக்கில் 1924 ஜூலை. கொல்லம் ஆண்டு கி.பி. 825இல் தொடங்குகிறது. ஆவணியில் புத்தாண்டு. ஆகவே ஆவணியிலிருந்து டிசம்பர் வரை என்றால் 824ஐக் கூட்ட வேண்டும், ஜனவரியிலிருந்து ஆடி வரை என்றால் 825. மாதம் தெரியாத புத்தகத்தில் "கொல்லம் 1102" என்று மட்டும் இருந்தால், 1926 அல்லது 1927 என்று இரண்டையும் பதிவதுதான் முறை. 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய 4 தாலுகாக்களும் தமிழ்நாட்டோடு சேரும்வரை இங்கே அச்சானவற்றிலும் எழுதப்பட்டவற்றிலும் இந்த ஆண்டுக் கணக்குதான் அதிகம் புழங்கியது.

அந்த இளைஞரைக் குறை சொல்ல மாட்டேன். நூலகவியல் பட்டம் வாங்கியவர், நூலக மென்பொருள் தெரிந்தவர். கொல்லம் ஆண்டு அவர் படித்த பாடத்தில் இல்லை. ஆனால் அந்த ஒரு கட்டம் தப்பாக நிரம்பியதும் அந்த மலர் தேடுபவர் கண்ணில் படாமல் போய்விடுகிறது. 1920களின் தென் திருவிதாங்கூரைத் தேடுகிற ஆய்வாளருக்கு அது கிடைக்கவே கிடைக்காது. "எல்லாம் நெட்டிலேயே இருக்கு, இனி லைப்ரரியன் எதுக்கு?" என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். நெட்டில் இருப்பது வேறு, நெட்டில் கிடைப்பது வேறு. நடுவில் ஒருவர் உட்கார்ந்து விவரம் எழுதியாக வேண்டும்.

என்ன வேலை இது?

டிஜிட்டல் நூலகர் என்ற பெயரில் வேலை விளம்பரம் வருவது குறைவு. நூலகர், உதவி நூலகர், மெட்டாடேட்டா (புத்தகம், கோப்பு பற்றிய விவரம்) எழுதும் பணியாளர், ஆவணக் காப்பாளர், மின்வளப் பொறுப்பாளர், சில நிறுவனங்களில் "நாலெட்ஜ் மேனேஜர்" என்றெல்லாம் வெவ்வேறு பெயரில் வரும். உள்ளே இருப்பது நான்கு விதமான வேலை.

முதலாவது, நூலக மேலாண்மை மென்பொருள். கோஹா என்பது 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நியூசிலாந்தின் ஹோரோஃபெனுவா நூலகத்தில் ஓடத் தொடங்கிய கட்டற்ற மென்பொருள். மவோரி மொழியில் கோஹா என்றால் அன்பளிப்பு. காந்திநகரில் இருக்கும் இன்ஃப்லிப்நெட் நிறுவனத்தின் சோல் மென்பொருளும் கல்லூரிகளில் புழங்குகிறது. புத்தகம் பதிவது, பார்கோடு ஒட்டுவது, கொடுப்பது, வாங்குவது எல்லாம் இதில். இரண்டாவது, களஞ்சியம் அமைப்பது. எம்.ஐ.டி.யும் ஹெச்.பி.யும் சேர்ந்து 2002இல் வெளியிட்ட டிஸ்பேஸ் இதற்குப் பெயர் போனது. ஆய்வேடுகள், கல்லூரி மலர்கள், பழைய வினாத்தாள்கள் இதில் ஏறும். மூன்றாவது, காகிதத்தையும் ஓலையையும் மின்வடிவாக்குவது. நான்காவது, மின்னிதழ்ச் சந்தா: எந்த இதழ் வேண்டும், என்ன உரிமம், யாருக்கு அனுமதி, பணம் எவ்வளவு. இது கணக்குப்பிள்ளை வேலை மாதிரி இருக்கும். ஆனால் பெரிய பல்கலைக்கழகங்களில் அதிகப் பணம் புரளும் இடம் அதுதான். மத்திய அரசு 3 ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 2025 ஜனவரியில் தொடங்கிய "ஒரே நாடு ஒரே சந்தா" திட்டம் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களைத் திறந்துவிடுகிறது. அது அரசு நடத்தும் நிறுவனங்களுக்கானது. நம் மாவட்டத்தில் தனியார் கல்லூரிகள்தான் அதிகம். சந்தாப் பேச்சுவார்த்தை அவற்றுக்கு இன்னும் முடிந்துவிடவில்லை.

ஒரு புத்தகம், இருபது கட்டங்கள்

நான்கில் மூன்றாவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஊர்ப் பாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேன் செய்வது சுலபம். ஐந்தரைக்கு எட்டரை அங்குலப் பக்கம் ஒன்றை 400 டிபிஐ அளவில் முழு வண்ணத்தில் எடுத்து, சுருக்காமல் டிஃப் கோப்பாக வைத்தால் ஏறக்குறைய 22 எம்.பி. 200 பக்கப் புத்தகத்துக்கு நாலரை ஜி.பி. இப்படி 1,000 புத்தகம் என்றால் நாலரை டி.பி.; அதற்கு மூன்று படிகள், ஒன்று வேறு ஊரில். படிகள் கெடாமல் இருக்கின்றனவா என்று மாதாமாதம் செக்சம், அதாவது கோப்பு மாறினால் தானும் மாறிவிடும் சரிபார்ப்பு எண், ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் இதைச் செய்யாமல், எல்லாவற்றையும் ஒரே ஹார்ட் டிஸ்கில் "படம் 0001, படம் 0002" என்று போட்டு வைத்திருந்ததைப் பார்த்தேன். டிஸ்க் போனது ஒரு துக்கம். போகாமல் இருந்திருந்தாலும் எந்தப் படம் எந்தப் புத்தகம் என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

அடுத்தது எழுத்துணரி, அதாவது ஓசிஆர். இன்றைய அச்சுப் புத்தகத்தை அது நன்றாகவே படிக்கிறது. 1978இல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய புத்தகத்தைக் கொடுத்தால் தடுமாறும். அப்போது லை, ளை, னை, ணை எல்லாம் மேலே தும்பிக்கை போட்டு நிற்கும். ணா, றா, னா மூன்றும் கால் தனியாக இல்லாமல் சுழித்து முடியும். இந்த எழுத்துகளை இயந்திரம் வேறு எதுவாகவோ படித்துவிடும். ஓலை என்றால் இன்னும் மோசம்: மெய்க்குப் புள்ளி கிடையாது, எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வித்தியாசம் கிடையாது, ரகரமும் காலும் ஒரே உரு. அங்கே மனிதக் கண்ணை நம்பித்தான் ஆக வேண்டும்.

அப்புறம் விவரப் பதிவு. மார்க் 21 என்ற வடிவத்தில் 100 என்ற கட்டத்தில் ஆசிரியர், 245இல் தலைப்பு, 264இல் வெளியீட்டு விவரம். எளிமையாக வேண்டுமென்றால் டப்ளின் கோரின் 15 கூறுகள். டூயி வகைப்பாட்டில் தமிழ் இலக்கியம் 894.811. இதெல்லாம் ஒரு வாரத்தில் மனப்பாடம் ஆகிவிடும். சிக்கல் அந்தக் கட்டத்துக்குள் என்ன எழுதுவது என்பதில். கவிமணி என்று ஒரு புத்தகம், தேசிகவிநாயகம் பிள்ளை என்று ஒன்று, சி. தேசிக விநாயகம் பிள்ளை என்று பிரித்து இன்னொன்று. மூன்றும் தேரூர்க்காரர் ஒருவரே. சுந்தர ராமசாமி கவிதை எழுதும்போது பசுவய்யா. இரண்டு பெயரையும் ஒரே ஆளோடு இணைக்காவிட்டால் வாசகருக்குப் பாதி எழுத்து கிடைக்காது. இப்படி ஒரே ஆளின் பெயர்களையெல்லாம் கட்டி வைப்பதை நூலகர்கள் பெயர்க் கட்டுப்பாடு என்பார்கள். இதில் வெளியூர்க்காரருக்கும் உள்ளூர்க்காரருக்கும் இருக்கும் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும்.

ஊர்ப் பெயரிலும் அதே கதை. நாகர்கோவில், நாகர்கோயில், கோட்டாறு, தென் திருவிதாங்கூர், நாஞ்சில் நாடு என்று எது வேண்டுமானாலும் தலைப்புப் பக்கத்தில் இருக்கலாம். பழைய நில ஆவணத்தில் "பகுதி" என்று கண்டால், வெளியூர்ப் பணியாளர் அதைப் பாகம் என்று எடுத்துக்கொண்டு "பகுதி 1, பகுதி 2" என்று வரிசைப்படுத்தக் கிளம்பிவிடுவார். திருவிதாங்கூர் வருவாய் நிர்வாகத்தில் பகுதி என்பது கிராமத்துக்கு ஒப்பான ஓர் அலகு. கரம் (நில வரி), பிரமாணம் (பத்திரம்) போன்ற சொற்களும் அப்படித்தான். தமிழ் மட்டும் தெரிந்தவர் பாதி வழியில் நின்றுவிடுவார். மலையாள எழுத்தும் வாசிக்கத் தெரிந்தவருக்கே மீதி வழி. நம் மாவட்டத்துப் பிள்ளைகளில் பலருக்கு, மேற்கே விளவங்கோடு பக்கம் குறிப்பாக, இது வீட்டிலேயே வந்துவிடுகிறது. அதை ஒரு தகுதி என்று பயோடேட்டாவில் எழுத வேண்டும் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

கணினிக்குள்ளேயும் தமிழுக்குச் சில சள்ளைகள் உண்டு. 1990களிலும் 2000களிலும் பல நூலகங்கள் பட்டியலை பாமினி, வானவில், ஸ்ரீலிபி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டி வைத்தன. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த குப்பையாகத் தெரியும். அதை யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். மாற்றிய பிறகும், ஸ்ரீ என்று தொடங்கும் தலைப்பு தேடினால் கிடைக்காமல் போகலாம். ஏனென்றால் ஸ்ரீயை ஸகரத்தில் தொடங்கியும் தட்டலாம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் தட்டலாம். பல எழுத்துருக்களில் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு வேறு வேறு. கொகரத்தை ஒரே குறியாகவும் இரண்டு துண்டாகவும் தட்ட முடிவதும் இப்படித்தான். இதைக் கண்டுபிடித்துச் சீர்செய்ய பைத்தானில் 20 வரி எழுதத் தெரிந்தால் போதும். அந்த 20 வரி தெரிந்த நூலகருக்கு எங்கே போனாலும் மரியாதை.

எங்கே வேலை?

பொது நூலகத்திலிருந்து தொடங்கலாம். விடுதலைக்குப் பிறகு நாட்டில் முதலில் வந்த பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில் வந்ததுதான். சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. அதில்தான் பொது நூலகத் துறை ஓடுகிறது. மூன்றாம் நிலை நூலகரில் தொடங்கி இரண்டாம் நிலை, முதல் நிலை, மாவட்ட நூலக அலுவலர் என்று படிகள். மாவட்ட நூலக அலுவலர், அரசு சட்டக் கல்லூரி நூலகர் போன்ற பணியிடங்களுக்கு டி.என்.பி.எஸ்.சி. ஒருங்கிணைந்த தேர்வு நடத்துகிறது. 2023 மே மாதம் ஒன்று நடந்தது. அறிவிப்பு ஆண்டுதோறும் வரும் என்று நம்பி உட்காரக் கூடாது. 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு மாநிலத்தில் முதலிடத்தில் இருந்த மாவட்டம் இது. போட்டி எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கல்லூரி நூலகர் பணி அடுத்தது. யு.ஜி.சி. விதிப்படி நூலகவியல் முதுகலையில் 55 சதவீத மதிப்பெண், கூடவே நெட் அல்லது செட் தகுதித் தேர்வில் தேர்ச்சி, இல்லாவிட்டால் விதிக்கு உட்பட்ட முனைவர் பட்டம். யு.ஜி.சி. ஏழாவது ஊதியக் குழு அளவில் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். உதவிப் பேராசிரியர் தொடங்கும் அதே நிலை. ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, தெ.தி. இந்துக் கல்லூரி, மார்த்தாண்டம் நேசமணி நினைவுக் கிறிஸ்தவக் கல்லூரி என்று பழைய கல்லூரிகள் நம்மிடம் உண்டு. ஆனால் கல்லூரிக்கு ஒரு நூலகர்தான். ஒருவர் ஓய்வு பெற்றால்தான் இன்னொருவர். சுயநிதிக் கல்லூரிகளில் இடம் அடிக்கடி காலியாகும், சம்பளம் நிர்வாகம் வைத்ததுதான். கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வருகிறது என்றதும் "லைப்ரரி முழுக்க ஆட்டோமேஷன் ஆச்சா?" என்று கேட்டு அவசரமாக ஆள் எடுப்பார்கள், குழு போனதும் ஸ்கேனருக்குத் துணி போர்த்திவிடுவார்கள். எல்லா இடத்திலும் இப்படி என்று சொல்லவில்லை, ஆனால் பார்த்திருக்கிறேன்.

ஆய்வு நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் மூன்றாவது வழி. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், அரசுக் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், தமிழ் மின் நூலகத்தை நடத்தும் தமிழ் இணையக் கல்விக்கழகம். நமக்கு இன்னொரு திசையும் இருக்கிறது: திருவனந்தபுரம். திருவிதாங்கூர் அரசின் பழைய ஆவணங்கள் அங்கேதான் இருக்கின்றன. கேரளப் பல்கலைக்கழகத்தின் சுவடி நூலகம் காரியவட்டத்தில். தமிழ் ஓலை வாசிக்கத் தெரிந்தவருக்கு அங்கே வேலை இருக்கிறது. பணியிடம் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. இந்த வழியில் பெரும்பாலும் திட்டப் பணிதான்: 11 மாதம், 2 ஆண்டு என்று ஒப்பந்தம், நிதி முடிந்தால் வேலையும் முடிந்தது.

நான்காவது, கம்பெனிகள். சென்னையில் வெளிநாட்டுப் பதிப்பகங்களுக்கு எக்ஸ்.எம்.எல். குறியிட்டுத் தரும் மின்பதிப்பு நிறுவனங்கள், மருந்து நிறுவனங்களின் தகவல் பிரிவு, சட்ட நிறுவனங்கள், ஊடக நிறுவனங்களின் படக் காப்பகம். இங்கே நூலகர் என்று யாரும் கூப்பிட மாட்டார்கள். டாக்ஸானமி (வகைப்பாடு), மெட்டாடேட்டா, தேடல் என்ற சொற்கள்தான் விளம்பரத்தில் இருக்கும். சம்பளம் கூடும், வீட்டிலிருந்து பார்க்கும் வாய்ப்பும் கொஞ்சம் உண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் தெற்காசியப் பிரிவுக்குத் தமிழ் தெரிந்த நூலகர்களை எடுக்கிறார்கள். அதற்குப் பெரும்பாலும் அந்நாட்டு நூலகச் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற முதுகலை கேட்பார்கள்.

படிப்பு

ஏதாவது ஒரு பட்டம், அதற்கு மேல் ஓராண்டு பி.எல்.ஐ.எஸ். என்ற நூலகவியல் இளங்கலை, அப்புறம் எம்.எல்.ஐ.எஸ். என்ற முதுகலை. நாகர்கோவிலிலிருந்து பார்த்தால் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் திருவனந்தபுரம் கேரளப் பல்கலைக்கழகமும் பஸ் தூரம்தான். வேலை பார்த்துக்கொண்டே படிக்க இக்னோ, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். இந்திய நூலகவியல் கல்விக்கு முன்னோடிகளில் ஒருவர் சீர்காழி ரங்கநாதன். 1929இல் சென்னை நூலகச் சங்கம் தொடங்கிய வகுப்பை 1931இல் சென்னைப் பல்கலைக்கழகம் ஏற்று நடத்தியது. அவர் பிறந்தநாளாகக் கொள்ளப்படும் ஆகஸ்ட் 12ஐ இந்தியாவில் நூலகர் தினமாகக் கொண்டாடுகிறோம். அவர் 1931இல் எழுதி வைத்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. தேடல் பெட்டியை வடிவமைக்கும் கம்பெனிக்காரர்கள் இன்று அதைத்தான் வேறு பெயரில் சொல்கிறார்கள்.

பட்டத்தோடு, கையில் காட்ட ஒரு வேலை வேண்டும். சொந்தக் கணினியில் கோஹாவையும் டிஸ்பேஸையும் நிறுவிப் பார்க்கலாம், இரண்டும் இலவசம். வீட்டிலோ கோயிலிலோ சர்ச்சிலோ பள்ளிவாசலிலோ இருக்கும் பழைய மலர்கள் 50ஐ எடுத்து, சரியாக விவரம் எழுதி ஏற்றிக் காட்டினால் நேர்காணலில் பாதிக் கேள்விக்கு அதுவே பதில். ஏற்றுவதற்கு முன் காப்புரிமை பார்க்க வேண்டும். 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆசிரியர் இறந்து, அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு. கவிமணி 1954இல் இறந்தார்; 2014 முடிந்ததும் அவர் எழுத்து பொதுவுடைமை. சுந்தர ராமசாமி 2005இல் இறந்தார். 2065 முடியும்வரை அனுமதி இல்லாமல் தொடக் கூடாது. ஆசிரியர் பெயர் இல்லாத மலருக்கு, வெளியான ஆண்டிலிருந்து இதே கணக்கு. அங்கேயும் கொல்லம் ஆண்டு வந்து நிற்கும்.

கவிமணியைப் பாடப்புத்தகக் கவிஞராக மட்டும் அறிந்தவர்களுக்கு ஒரு செய்தி. அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பத்தில் இருந்த ஓலைகளைத் தேடிப்போய்ப் படியெடுத்தவர் அவர். நாஞ்சில் நாட்டு வரலாறு எழுதுகிறவர்களுக்கு இன்றைக்கும் அந்த முதலியார் ஓலைகள் இல்லாமல் முடியாது. ஸ்கேனர் இல்லாத காலத்தில் அவர் செய்ததும் இதே வேலைதான்: எங்கே இருக்கிறது என்று விசாரித்து, வாசித்து, படியெடுத்து, இன்னது என்று எழுதி வைத்தது. வில்லுப்பாட்டு ஏடுகளும் வர்ம ஏடுகளும் இந்த மாவட்டத்தில் இன்னும் பரண்களில் இருக்கின்றன. இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர். ஓலைக்குப் புல்தைலம் தடவி வைக்கும் பழக்கம் போன வீடுகளில் பூச்சி முந்திக்கொள்கிறது.

அந்த மலரின் பதிவைத் திருத்தியது அதே இளைஞர்தான். ஆண்டுக் கட்டத்தில் "1924க்குப் பின்" என்று மாற்றி, குறிப்புக் கட்டத்தில் "99 வெள்ளம் என்பது கொல்லம் 1099" என்று ஒரு வரி சேர்த்தார். அடுத்த ஐந்தாறு மாதத்தில் கொல்லம் கணக்கு அவருக்கு விரல் நுனியில் வந்துவிட்டது. மலையாளத் தலைப்புகளையும் எழுத்துக்கூட்டி வாசிக்க ஆரம்பித்தார். 11 மாத ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கப் பணம் இல்லை என்றார்கள். இப்போது சென்னையில் ஒரு மின்பதிப்பு நிறுவனத்தில் இருக்கிறார். அந்த மலர் இருந்த பெட்டியில் பாதி இன்னும் ஸ்கேன் ஆகாமல் கிடக்கிறது.